சிஎம்சி அருகே அறை தேடுபவருக்கு ஏஐ உங்கள் லாட்ஜின் பெயரைச் சொல்ல என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: வேலூரில் சிஎம்சி மருத்துவமனைக்கு அருகே, காந்தி ரோட்டை ஒட்டிய தெரு ஒன்றில் 22 அறைகள் கொண்ட லாட்ஜ் நடத்துகிறேன். ராணிப்பேட்டையில் என் தம்பி பொறுப்பில் இன்னொரு லாட்ஜ் உள்ளது. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்களே எங்களிடம் அதிகம் தங்குகிறார்கள். முன்பு கூகுளில் தேடி, எங்கள் இணையதளத்தைப் பார்த்துவிட்டு அழைப்பார்கள். இப்போது சாட்ஜிபிடியிடமோ ஜெமினியிடமோ கேட்டுவிட்டு வருவதாகப் பலர் சொல்கிறார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். எங்கள் பெயர் வரவே இல்லை. மூன்று மாதத்தில் முதலிடத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லி ஒரு நிறுவனம் 75,000 ரூபாய் கேட்கிறது. 300 கட்டுரைகள் எழுதித் தருவார்களாம். கொடுக்கலாமா? நாங்களே செய்துகொள்ள வழி உண்டா? இணையதளத்தை முன்பு செய்து தந்தவர் இப்போது தொடர்பில் இல்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வேலூர்

அன்புடையீர், வணக்கம்.

அந்த 75,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். சாட்ஜிபிடியிலும், கூகுள் தேடல் முடிவுகளுக்கு மேலே ஏஐ எழுதித் தரும் ஏஐ தொகுப்பிலும் (ஏஐ ஓவர்வியூ) முதலிடம் என்று நிலையான ஒன்று கிடையாது. ஒரே கேள்வியை இரண்டு பேர் இரண்டு கைபேசிகளில் கேட்டால், கேட்ட சொற்கள், கேட்ட ஊர், அதற்கு முன் பேசியவை ஆகியவற்றைப் பொறுத்து விடை மாறுகிறது. அப்படி மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றில் இடம் பிடித்துத் தருவதாக உத்தரவாதம் கொடுப்பவர், தம் கையில் இல்லாத சரக்கை விற்கிறார். நீங்கள் அனுப்பிய முகவரியில் உங்கள் இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். உங்கள் பெயர் வராததற்கான காரணங்களில் பெரும்பாலானவை அங்கேயே இருக்கின்றன. அவற்றில் முக்கால்வாசியை நீங்களும் உங்கள் வரவேற்பு மேசையில் இருப்பவரும் சேர்ந்தே சரிசெய்துவிடலாம்.

இந்த இயந்திரங்கள் எப்படி விடை சொல்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் வெளிவந்தபோது சாட்ஜிபிடி, தான் பயின்ற உரைகளின் நினைவிலிருந்துதான் பேசியது. அந்த நினைவுக்குள் வேலூரின் 22 அறை லாட்ஜ் ஒன்றைப் புகுத்துவது நம்மால் ஆகக்கூடியதன்று. அதற்கு முயலவும் வேண்டாம். கூகுளின் ஏஐ தொகுப்பு 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் சாட்ஜிபிடி தன் இணையத் தேடலை வெளியிட்டது. வாடகை, தூரம், வசதி போன்றவற்றை இன்று ஒருவர் கேட்டால், இவை பெரும்பாலும் அந்த நேரத்திலேயே இணையத்தில் தேடி, கிடைத்த பக்கங்களிலிருந்து கேள்விக்குப் பொருந்தும் பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றைக் கோத்து விடையாக்கி, எடுத்த இடத்துக்கான இணைப்பையும் சேர்த்துத் தருகின்றன. ஆகவே உங்கள் தளத்தில் கேள்விக்குப் பொருந்தும் ஒரு பத்தியாவது இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

உங்கள் விருந்தினர் என்ன கேட்பார் என்று எண்ணிப் பாருங்கள். “வேலூர் லாட்ஜ்” என்று இரண்டே சொற்களில் தேடிய காலம் போய்விட்டது. மால்டாவிலிருந்து தந்தையை அழைத்து வரும் ஒரு மகன், “அப்பா வீல்சேரில் இருக்கிறார், மூன்று வாரம் தங்க வேண்டும், சிஎம்சிக்கு நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும், அறையிலேயே சமைத்துக்கொள்ள வேண்டும், நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்குமா” என்று தன் மொழியில் முழுதாகக் கேட்கிறார். கூகுள் இத்தகைய கேள்வியைப் பல சிறு தேடல்களாகப் பிரித்துக்கொள்கிறது: சமையலறை உள்ள அறைகள், லிஃப்ட் உள்ள லாட்ஜுகள், வார வாடகை, மருத்துவமனையிலிருந்து தூரம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடுகிறது. இவற்றுள் ஒன்றுக்குக்கூட உங்கள் தளத்தில் விடை இல்லை. முகப்பில் இருப்பது, “இல்லத்தின் இதமும் நவீன வசதிகளும் ஒருங்கே அமைந்த உன்னத விடுதி” என்ற வரி. வாடகைப் பட்டியல் அச்சகத்தில் செய்த படமாக இருக்கிறது. அறைகளின் விவரங்களோ, நகரும் படக்காட்சிக்குள் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியின் வழியாக, பக்கம் திறந்த பின்பே வந்து சேர்கின்றன. தளங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரல் அவற்றை ஓடவிட்டுப் படிக்கும் என்றாலும், மற்ற ஏஐ நிறுவனங்களின் நிரல்களில் பல அவ்வாறு செய்வதில்லை என்பதால், அவற்றின் கண்ணுக்கு அந்த இடம் வெறுமையாகத்தான் தெரியும். லிஃப்ட் இருப்பதும், 9 அறைகளில் சமையலறை இருப்பதும், வங்காளி பேசும் ஊழியர் இருப்பதும் எனக்கு எழுதிய மின்னஞ்சலில்தான் இருக்கின்றன.

முகப்பு வரியை எடுத்துவிட்டு, அதே மின்னஞ்சலில் நீங்கள் தந்த விவரங்களைக் கொண்டே கீழ்க்காணும் பத்தியை வையுங்கள். புள்ளியிட்ட இடங்களில் உங்கள் விவரத்தை நிரப்பிக்கொள்ளுங்கள்.

“… லாட்ஜ், வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் ஐடா ஸ்கட்டர் சாலை வளாகத்திலிருந்து நடந்து 7 நிமிட தூரத்தில் உள்ளது. மொத்தம் 22 அறைகள். 9 அறைகளில் தனிச் சமையலறை, கேஸ் அடுப்பு, பாத்திரங்கள் உண்டு. லிஃப்டில் வீல்சேர் செல்லும். வாசலில் இரண்டு படிகள் உள்ளன, சாய்தளம் இல்லை, ஊழியர்கள் தூக்கி உதவுவார்கள். சமையலறை உள்ள இருவர் அறைக்கு நாள் வாடகை … ரூபாய், 15 நாளுக்கு மேல் தங்கினால் … ரூபாய். … லாட்ஜில் வங்காளியும் இந்தியும் பேசும் ஊழியர் காலை 6 முதல் இரவு 10 வரை இருப்பார். தொலைபேசி …”

இதில் அலங்காரம் ஏதுமில்லை. ஆனால் எந்த வரியைத் தனியே வெட்டி எடுத்தாலும் அது ஒரு கேள்விக்கு விடையாக நிற்கும். லாட்ஜின் பெயரை இருமுறை எழுதியிருப்பதும் அதற்காகவே. “எங்கள் விடுதி” என்று தொடங்கும் வாக்கியத்தைப் பக்கத்திலிருந்து பிரித்துவிட்டால் யாருடைய விடுதி என்று தெரியாமல் போய்விடும். வாசலில் இரண்டு படிகள் என்பதை ஏன் சொல்ல வேண்டும் என்று நீங்கள் தயங்கக்கூடும். வீல்சேரோடு வருபவருக்கு அந்த ஒரு தகவல்தான் முடிவெடுக்க உதவும். அதை எழுதுகிற லாட்ஜ் அரிது என்பதால், அந்தக் கேள்வி வரும்போது இயந்திரம் எடுத்துக்கொள்ள உங்கள் பத்தி இருக்கும். தொலைபேசி எண்ணை உரையாகவே எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2025இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏஐ தொகுப்பு தோன்றிய கூகுள் தேடல்களில் 8 சதவீதத்தில் மட்டுமே மக்கள் வழக்கமான இணைப்புகளைச் சொடுக்கினார்கள். தொகுப்பு தோன்றாதபோது அது 15 சதவீதமாக இருந்தது. தொகுப்புக்குள் இருக்கும் இணைப்பைச் சொடுக்கியது 1 சதவீதத்தில்தான். நம் ஊருக்கு வருபவர்கள் அப்படியே நடந்துகொள்வார்கள் என்பதற்கில்லை. என்றாலும் தளத்துக்குள் வராமலே அழைக்கும் வழியைத் திறந்துவைப்பது நல்லது.

வாடகையை வெளியிட்டால் பக்கத்து லாட்ஜ்காரர் பத்து ரூபாய் குறைத்துவிடுவார் என்று மின்னஞ்சலில் எழுதியிருக்கிறீர்கள். அவர் ஆளனுப்பி ஏற்கெனவே கேட்டிருப்பார். உங்கள் பக்கத்தில் வாடகை இல்லாவிட்டால் ஏஐ சும்மா இருப்பதில்லை. புக்கிங் தளங்களில் என்றோ பதிந்த வாடகையை எடுத்து உங்கள் பெயரில் சொல்லிவிடும், அல்லது வாடகை எழுதியிருக்கும் வேறு லாட்ஜைச் சொல்லும். சரியான தொகையைப் போட மனமில்லை என்றால் “இந்தத் தொகையிலிருந்து இந்தத் தொகை வரை” என்றாவது போடுங்கள். அது எந்த மாதத்து வாடகை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் பட்டியலில் 12 சதவீத ஜிஎஸ்டி என்று இன்னும் இருக்கிறது. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். இப்படி ஒரு பழைய எண் கிடந்தால் இயந்திரம் அதையே புதியதுபோல் எடுத்துச் சொல்லிவிடும். பில் போடும்போது தகராறு உங்களுக்குத்தான்.

வங்கதேசத்தவர் தங்கலாமா என்பதற்கும் தனிப் பத்தி எழுதுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரப் படிவத்தை (படிவம் சி என்று அறியப்படுவது) இணையவழியில் பதிவது விடுதியின் கடமை. அந்த வேலைக்குப் பயந்து மறுக்கும் லாட்ஜுகளும் உள்ளதால், இரயிலில் ஏறும் முன்பே அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பும் செய்தி இது. ஏற்றுக்கொள்கிறோம், பாஸ்போர்ட்டும் விசாவும் கொண்டு வர வேண்டும், பதிவை நாங்களே செய்கிறோம் என்று மூன்று வாக்கியங்கள் போதும்.

ராணிப்பேட்டை லாட்ஜுக்கு வருகிறேன். இரண்டு லாட்ஜுகளையும் ஒரே பக்கத்தில், ஒரே தொலைபேசி எண்ணுடன், “சிஎம்சி அருகில்” என்ற ஒரே தலைப்பில் வைத்திருக்கிறீர்கள். 2022 முதல் சிஎம்சிக்கு ராணிப்பேட்டை வளாகமும் இருப்பதால், எந்த வளாகத்துக்கு அருகில் என்று சொல்லாத பக்கம், விருந்தினரைத் தவறான ஊரில் இறக்கிவிடும். வேலூர் வளாகத்தில் காட்ட வேண்டியவர் ராணிப்பேட்டையில் அறை எடுத்துவிட்டு, காலையில் நோயாளியோடு நெடுஞ்சாலையில் ஆட்டோ தேடி நிற்பதும், அடுத்த நாள் அதைப் பற்றி ஒரு நட்சத்திரம் போட்டு எழுதுவதும் நமக்குப் புதிதல்ல. இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் வையுங்கள். மருத்துவமனையின் முன்பதிவுச் சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டு அறை எடுக்கும்படி இரண்டிலும் எழுதுங்கள்.

முகவரியும் அப்படியே குழம்பிக் கிடக்கிறது. ராணிப்பேட்டை 2019இல் தனி மாவட்டமாகிவிட்டது. உங்கள் தளம் இன்னும் வேலூர் மாவட்டம் என்கிறது. தொடர்புப் பக்கத்தில் உள்ள விசிட்டிங் கார்டு படத்திலோ “வ.ஆ. அம்பேத்கர் மாவட்டம்” (வட ஆற்காடு அம்பேத்கர், வேலூர் மாவட்டத்தின் பழைய பெயர்) என்றே இருக்கிறது; உங்கள் அப்பா காலத்து அச்சாக இருக்க வேண்டும். நம் ஊர்க்காரருக்கு இவை எல்லாம் ஒன்றே என்று தெரியும். இயந்திரமோ பெயர், முகவரி, தொலைபேசி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுத்தான் இரண்டு இடங்களில் பேசப்படுவது ஒரே லாட்ஜா என்று முடிவு செய்கிறது. கூகுள் வணிகப் பக்கத்தில் ஓர் எழுத்துக்கூட்டல், புக்கிங் தளத்தில் இன்னொன்று, ஃபேஸ்புக்கில் மூன்றாவது என ஆங்கிலத்தில் உங்கள் பெயர் மூன்று விதமாக இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். கூகுள் வணிகப் பக்கத்தைப் போலவே மைக்ரோசாஃப்டின் பிங் தேடலிலும் லாட்ஜைப் பதிந்துவிடுங்கள். சாட்ஜிபிடி தன் தேடலுக்குப் பிங் போன்ற வெளித் தேடல் சேவைகளையும் பயன்படுத்துகிறது. இரண்டிலும் பதிவதற்குக் கட்டணம் இல்லை.

அடுத்தது, கதவே பூட்டியிருக்கும் விஷயம். உங்கள் தள முகவரிக்குப் பின் சாய்கோடு போட்டு ரோபாட்ஸ் டாட் டிஎக்ஸ்டி என்று தட்டினால் ஒரு சிறு கோப்பு திறக்கும். எந்த நிரல் உள்ளே வந்து படிக்கலாம், எது வரக்கூடாது என்று சொல்லும் கோப்பு அது. உங்களுடையதில் ஜிபிடிபாட், ஓஏஐ-சர்ச்பாட், பெர்ப்ளெக்சிட்டிபாட், கிளாட்பாட் ஆகிய நான்கு ஏஐ நிரல்களின் பெயருக்கும் கீழே “டிஸ்அலோ” என்றும் அதன்பின் ஒற்றைச் சாய்கோடும் இருக்கின்றன. தளம் முழுவதும் தடை என்று பொருள். இதைச் செய்தது நீங்கள் அல்ல, பாதுகாப்புக்காக யாரோ நிறுவிய செருகுநிரலாக இருக்கலாம். கிளவுட்ஃபிளேர் என்ற இணையப் பாதுகாப்புச் சேவையும் 2025 ஜூலை முதல் புதிய தளங்களுக்கு ஏஐ நிரல்களைத் தானாகவே தடுக்கத் தொடங்கியது. இவற்றுள் ஜிபிடிபாட் பயிற்சிக்காக உரை திரட்டுவது. ஓஏஐ-சர்ச்பாட் சாட்ஜிபிடியின் தேடலுக்கானது. பயிற்சிக்குக் கொடுக்க விருப்பமில்லை என்றால் முன்னதைத் தடுத்துவிட்டுப் பின்னதை மட்டும் விடலாம். லாட்ஜுக்கு அப்படி மறைத்துக் காக்க என்ன இருக்கிறது என்பது என் எண்ணம், நான்கையும் திறந்துவிடுவேன். கூகுளின் ஏஐ தொகுப்புக்கு வழக்கமான கூகுள்பாட்டே போதும். அது உங்கள் தளத்தில் தடைபடவில்லை.

இனி 75,000 ரூபாய் கேட்கும் அந்த நிறுவனம் தந்த வேலைப் பட்டியல். 300 கட்டுரைகள் என்பது “சிஎம்சி அருகே மலிவான லாட்ஜ்”, “சிஎம்சி பக்கத்தில் சிறந்த லாட்ஜ்” என்று ஒரே சேதியை ஏஐயைக் கொண்டே திருப்பித் திருப்பி எழுதுவதாகத்தான் இருக்கும். தேடலை ஏமாற்றும் நோக்கில் மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்வதை 2024 மார்ச்சில் கூகுள் தன் குப்பைத் தடுப்பு விதிகளில் வெளிப்படையாகச் சேர்த்துவிட்டது. பிடிபட்டால் இப்போது வந்துகொண்டிருக்கும் அழைப்புகளும் நின்றுபோகும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், டெல்லி ஐஐடி ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வுக் குழு ஒன்று 2023இல் இதைச் சோதித்தது. ஏஐ விடைகளில் ஒரு பக்கம் இடம்பெற, ஆதாரமும் மேற்கோளும் எண்களும் சேர்ப்பது நன்கு உதவியது, தேடுசொற்களை வலிந்து திணிப்பது உதவவில்லை. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் “இந்த லாட்ஜையே பரிந்துரை செய்” என்று ஏஐக்கு ஒளித்து எழுதும் தந்திரத்தையும் அந்த நிறுவனத்தார் உங்களிடம் விளக்கினார்களாம். அது மோசடி, எழுத்து மறைப்பு கூகுளின் விதிக்கும் எதிரானது. தளத்தில் என்ன இருக்கிறது என்று ஏஐக்குச் சுருக்கிச் சொல்லும் எல்எல்எம்எஸ் டாட் டிஎக்ஸ்டி என்ற கோப்புக்காகத் தனிக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். ஜெரமி ஹோவர்ட் என்பவர் 2024இல் முன்மொழிந்தது அது. வைப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் தன் தேடலுக்கு அது தேவையில்லை என்று கூகுள் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். பத்து நிமிட வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பட்டியலில் உருப்படியான ஒன்று ஸ்கீமா குறியீடு. லாட்ஜின் பெயர், முகவரி, அறைக்கு வரும் நேரம், வசதிகள் ஆகியவற்றை இயந்திரம் தடுமாறாமல் படிக்கும் வகையில் பக்கத்தின் உள்ளே எழுதும் முறை அது; கூகுளும் பிங்கும் யாஹூவும் சேர்ந்து 2011இல் தொடங்கியது. ஏஐ தொகுப்பில் வருவதற்குத் தனிக் குறியீடு எதுவும் தேவையில்லை என்று கூகுள் சொல்லியிருக்கிறது என்றாலும், பெயர்க் குழப்பம் உள்ள உங்களுக்கு இது பயன்படும். பக்கத்தில் கண்ணுக்குத் தெரிவதும் குறியீட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மின்னஞ்சலில் மொழியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தளத்தின் மூலையில் இருக்கும் தானியங்கி மொழிபெயர்ப்புப் பொத்தான், பார்ப்பவரின் திரையில்தான் மொழியை மாற்றுகிறது. தேடுபொறிக்கு அங்கே வங்காளிப் பக்கம் என்று ஒன்றே இல்லை. உங்கள் வங்காளி ஊழியரை உட்காரவைத்து, மேலே தந்த பத்தியையும் படிவம் சி பற்றிய மூன்று வாக்கியங்களையும் அவர் ஊரில் பேசுகிற மாதிரி எழுதச் சொல்லி, தனி முகவரியில் ஒரு பக்கமாக வையுங்கள். தமிழ்ப் பக்கத்தை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் டிடிபி செய்தவரிடமிருந்து வாங்கி அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் இயந்திரத்துக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல். யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்தால்தான் படிக்கப்படும்.

விருந்தினர் எழுதும் கருத்துகளையும் ஏஐ எடுத்துக்கொள்கிறது. “நல்ல லாட்ஜ்” என்ற நூறு வரியைவிட, “அம்மாவுக்கு டயாலிசிஸ் என்பதால் 18 நாள் தங்கினோம், கேஸ் தீர்ந்தால் அன்றே மாற்றித் தந்தார்கள்” என்ற ஒரு வரி அதற்கு அதிகம் பயன்படும். அறையைக் காலி செய்யும்போது, எதற்காக வந்தார்கள், எது உதவியது என்பதைச் சொல்ல விருப்பமிருந்தால் எழுதும்படி கேளுங்கள். காசு கொடுத்தோ வாடகை குறைத்தோ கேட்காதீர்கள். சிகிச்சை முறைகளைப் பற்றி உங்கள் தளத்தில் கட்டுரை எதுவும் வேண்டாம். மருத்துவக் கேள்விகளுக்கு லாட்ஜின் பக்கத்தை எந்தப் பொறுப்புள்ள இயந்திரமும் நாடக்கூடாது. “சிஎம்சி அங்கீகரித்த” என்று ஓரிடத்தில் இருப்பதை இன்றே எடுத்துவிடுங்கள். மருத்துவமனை உங்களுக்கு அப்படி ஒன்றை எழுதித் தந்திருந்தாலொழிய அது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

பலன் கிடைக்கிறதா என்று பார்க்க, உங்கள் சொந்தக் கணக்கில் கேட்டுப் பார்ப்பதில் பயன் குறைவு. நீங்கள் முன்பு பேசியதை வைத்து அது உங்களுக்கு இசைவாகச் சொல்லக்கூடும். கணக்கில் நுழையாமல், ஒரே கேள்வியைச் சில வார இடைவெளியில் மறுபடி கேட்டு, விடையில் எந்தத் தளத்தின் இணைப்பு வருகிறது என்று குறித்துவாருங்கள். சாட்ஜிபிடியிலிருந்து வரும் வருகைகளின் முகவரியில் அதன் பெயர் ஒட்டிக்கொண்டு வருவதால், தளத்தின் வருகைக் கணக்கில் அவற்றைப் பிரித்துப் பார்க்க முடியும். தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவி, ஏஐ தொகுப்பு வழியாக வந்தவர்களை மற்ற வருகைகளோடு சேர்த்தே கணக்கிடுகிறது. இவை எல்லாவற்றையும்விட, வருகைப் பதிவேட்டில் “எங்கே பார்த்து வந்தீர்கள்” என்று ஒரு கட்டம் சேர்ப்பதைத்தான் நான் நம்புவேன். மாற்றங்கள் செய்த மறுநாளே எதையும் எதிர்பார்க்காதீர்கள். நிரல்கள் திரும்ப வந்து படிப்பதற்குச் சில நாள்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம்.

கோப்பைத் திறந்துவிடவும், படமாக இருப்பதை உரையாக்கவும், ஸ்கீமாவைச் சேர்க்கவும் காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ இணையதள வேலை தெரிந்த ஒருவரை நாள் கூலி பேசி அமர்த்திக்கொள்ளலாம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தளப் பெயர், தொடர்பில் இல்லாத அந்தப் பழைய வடிவமைப்பாளரின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஆண்டுக் கட்டண நினைவூட்டல் அவருக்குத்தான் போகும். அவர் கவனிக்காமல் விட்டால் பெயர் காலாவதியாகி வேறு யார் கைக்கும் போய்விடலாம். முன்பு அவருக்குப் பணம் கொடுத்த ரசீதுகளைத் தேடி எடுத்து, பெயரைப் பதிந்த நிறுவனத்துக்கு எழுதி, உங்கள் பெயருக்கும் உங்கள் மின்னஞ்சலுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள்; கூகுள் வணிகப் பக்கத்தின் உரிமையாளர் யார் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். புதிதாக யாரை அமர்த்தினாலும் இவ்விரண்டின் கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்கட்டும். அவருக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுங்கள்.